உங்கள் வலக்கண்ணும் எங்கள் கரையும்

மச்சாள்,

இன்று விடிய வாசல் கேற்றடியில் நின்றுவிட்டு உள்ளே வந்து, முகம் துடைக்க அலுமாரிக்குள் கைவிட்டுத் துவாய் தேடினேன். துவாய்களுக்கு அடியில் விரலில் பட்டது உங்கள் பிளாஸ்டர் சுருள். கடதாசி போல மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டர். ஓரமெல்லாம் மணல் ஒட்டிப் பழுப்பாகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பசை வாசத்துக்குள் உங்கள் கண் களிம்பின் எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. கேற்றடியில் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். அதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை. முதலிலிருந்து எழுதிக்கொண்டு போனால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர எனக்குத் தைரியம் வரும்.

உங்கள் வலக்கண் முதன்முதலில் துடிக்கத் தொடங்கியபோது நாங்கள் சிரித்தோம். நான் நூலக வேலைக்கும் நீங்கள் சந்தைக்குமாக ஊர்காவற்றுறைக்கு ஒன்றாகப் பஸ்ஸில் போன ஒரு நாள், ரிக்கற் கிழித்துத் தந்த கொண்டக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு தலையைத் திருப்பினார். நீங்கள் கண்ணடித்ததாக நினைத்துவிட்டார், பாவம். "இந்த வயசிலயும் எனக்கொரு மவுசு கிடக்குது மச்சாள், உம்மட அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்று இறங்கும்வரை சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் முதலில் சொன்னதும் நீங்கள்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்த திரேசம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. ஆம்பிளைக்கு வலக்கண் துடிச்சா நல்லது. பொம்பிளைக்கு வலக்கண் துடிச்சா ஆரையோ கடல் கேக்குதெண்டு அர்த்தம்."

"உங்களுக்கு முழங்கால் துடிக்கிறதே அக்கா, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டீர்கள். 

துடிப்பு மெல்ல மெல்ல இறுக்கமாக மாறியது. வலது இமை முதலில் சுருங்கும். இடது இமை அதன் பின்னால் போகும். பிறகு இரண்டும் சேர்ந்து, யாரோ உள்ளே இருந்து கயிற்றை இழுத்தது போல மூடிக்கொள்ளும். பார்வையில் குறையில்லை, திறக்கத்தான் முடியாது. கண்ணாடி மாற்றினார்கள், சொட்டு மருந்து தந்தார்கள், நேர்த்திக்கடன் வைத்தோம். ஒன்றே ஒன்றுதான் கை கொடுத்தது. தவக்காலத்தில் கோயிலில் ஒப்பாரி பாட எழுந்தபோது, மூடியிருந்த உங்கள் இமைகள் முதல் அடியிலேயே தாமாகத் திறந்தன. பாட்டு முடியும்வரை மூடவில்லை. அதன்பின் சோறு வடிக்கும்போதும் கிணற்றடிக்குப் போகும்போதும் நீங்கள் வாய்க்குள் ஒப்பாரி முணுமுணுக்கப் பழகினீர்கள். நல்ல நாளில் அதைக் கேட்கிறவர்கள் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். உங்களுக்கோ அது கண் திறக்கும் சாவி.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று உரத்து வீசிய ஒரு விடியலில்தான் எல்லாம் திரும்பியது. கரையில் அண்ணனோடு வலை எடுத்துக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே மணலில் குந்திவிட்டீர்கள். "கண் திறக்கேலாமல் கிடக்கு. இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ, என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றீர்கள். அண்ணன் வலையைப் போட்டுவிட்டு உங்களோடு பஸ் ஏறினார். அவரோடு வழக்கமாகப் போகும் அந்தோனி அன்று தனியாகப் போனான். பின்னேரம் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

அந்தோனியின் செத்தவீட்டில் ஆளுக்காள் திரும்பத் திரும்பச் சொன்னது உங்கள் வார்த்தையின் ஒரு பாதியைத்தான். "இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னவளாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னவளாம்." என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்கோ என்ற மற்றப் பாதியை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டதை வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன்கூட. உயிரோடு இருக்கிறவர் அவர் என்பதால் அவர்தான் எல்லாரையும்விட அதிகம் நம்பினார்.

அடுத்த கிழமையிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் கேற்றைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். கரைக்கு நேர்வழி வேறு. நீங்கள் முற்றம் கூட்டும் நேரம் அவர்களுக்குத் தெரியும். முதலில் சைக்கிள் மணி கேட்கும். பிறகு சூசை அண்ணையின் குரல் கேட்கும். எங்கள் கரையில் பெரிய வள்ளம் அவருடையது. அவர் கடலுக்கு இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள்.

"தங்கச்சி, இண்டைக்குக் கண் எப்பிடி?"

"கண்ணுக்கென்ன, கிடக்குது. உங்கட இஞ்சின் எப்பிடி?"

"இஞ்சின் என்ர கையில. மற்றது உன்ர கண்ணில."

கண் திறந்திருந்தால் சிரித்துக்கொண்டு போவார்கள். மூடினால் பேசாமல் திரும்பிவிடுவார்கள். திரும்பிய நாளில் கடல் குழம்பினால், அடுத்த நாள் எங்கள் கேற்றில் ஒரு கோர்வை விளைமீன் தொங்கும். குழம்பாவிட்டால், "இண்டைக்கும் மூடிக்கொண்டு நிண்டு எங்கட அடுப்பை எரியவிடாமல் நூத்துப்போட்டாள்" என்று பெண்களின் பேச்சு வேலிக்கு மேலால் வரும். இரண்டையும் நீங்கள் ஒரே முகத்தோடு வாங்கினீர்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னீர்கள்: "பார்க்கப் பார்க்கத்தான் மச்சாள் கூட இழுக்குது. அவையள் பாராமல் போனா எனக்குக் கண் மூடாது."

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டரும் அதையே சொன்னார். வெயில், வறண்ட காற்று, பயம், ஆட்கள் உற்றுப் பார்ப்பது, எல்லாம் இழுப்பைக் கூட்டுமாம். காற்று என்று அவர் சொன்னதும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் இமையை இழுக்கும் காற்றும் கடலைக் குழப்பும் காற்றும் ஒன்றுதானே. அப்படியானால் கரை நம்பியதில் பாதி உண்மை. முழுப் பொய்யென்றால் எப்போதோ விட்டிருப்பார்கள். அந்தப் பாதி உண்மைதான் உங்களை விடவில்லை.

டொக்டர் ஒளிக்காமல் பேசினார். "இது ஒரு நஞ்சுதான் அம்மா. பழுதான சாப்பாட்டில வாற கிருமியின்ர நஞ்சு. பொட்டுலினம் எண்டு பேர். துளியிலும் துளியா இமையைச் சுத்தி ஊசியால வைச்சா, இறுகுற தசை சோர்ந்து போகும். சில மாதத்தில வேகம் குறையும். திரும்பப் போடவேணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"கண் வேணும் எண்டிற காலமெல்லாம்."

முதல் ஊசி வேலை செய்யத் தொடங்கிய நாளில், நீங்கள் குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, தையல் ஊசியில் நூல் கோத்தீர்கள். கோத்த நூலை உருவிவிட்டு மறுபடியும் கோத்தீர்கள். தைக்க ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் முகம் ஒரு வளவுக் காணி முழுவதையும் திரும்ப வாங்கியவளின் முகம் போல இருந்தது.

கரை அன்று வேறுவிதமாகக் கதைத்தது. மருந்தடித்த கண் என்றார்கள். அதை நம்பலாமோ என்று கேட்டார்கள்.

ஊசியின் பலன் வரவரக் குறுகியது. இமைத் தோலும் தொய்ந்து பார்வைக்குக் குறுக்கே விழத் தொடங்கியது. ஊசி மட்டும் போதாது என்றார் டொக்டர். மேல் இமைகளில் தொங்கும் தோலையும், அதற்குக் கீழே இறுகும் தசையில் ஒரு பங்கையும் வெட்டி எடுக்கவேண்டும். அதன்பிறகும் ஊசி வேண்டும், ஆனால் பலன் கூடுதல் காலம் நிற்கும். கண்ணை முந்தி மாதிரி இறுக்கி மூட வராது, படுக்கும்போது சிறிது திறந்திருக்கலாம், களிம்பு பூசிப் பிளாஸ்டர் ஒட்டவேண்டும் என்று அதையும் சொன்னார். நீங்கள் உடனே ஓம் என்றீர்கள்.

செய்தி எங்களுக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. திரேசம்மாக்கா இரண்டு மூன்று பெண்களோடு வந்து முற்றத்தில் நின்றார்.

"பிள்ளை, கண்ணில கத்தி வைக்கப் போறியாம்."

"ஓம் அக்கா."

"வெட்டிப்போட்டு வந்தா, எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

"றேடியோ சொல்லும்."

"றேடியோ அந்தோனிக்குச் சொன்னதோ?"

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். அவர் வலையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "ஊசியோட நிக்கலாமே" என்று வலையைப் பார்த்தே சொன்னார். அப்போது உங்கள் இமைகள் இழுத்து மூடிக்கொண்டன. மூடிய கண்ணோடு சொன்னீர்கள்: "என்ர முகத்தை நான் கரைக்கு எழுதிக் குடுக்கேல்லை. எனக்கு உலகம் பாக்கவேணும்."

சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இமையை மட்டும் விறைக்கவைத்துத்தான் செய்தார்கள், நீங்கள் விழித்திருந்தீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது. டொக்டர்தான் பாடச் சொன்னாராம், பாடும்போது இமை தளர்கிறது என்று. பக்கத்தில் இருந்த ஒரு தாய் என் கையைப் பிடித்து, "ஆரும் தவறிட்டினமோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

வீக்கம் வற்றி, புது ஊசியும் போட்டபின் உங்கள் கண்கள் பெரிதாக, அகலத் திறந்து, எப்போதும் சற்று வியப்போடு இருந்தன. படுக்கும் முன் நான்தான் களிம்பு பூசி, மேல் இமையை மெல்ல இறக்கி, மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்குச் சரிவாகப் பிளாஸ்டர் ஒட்டுவேன். ஒட்ட மறந்த ஒரு மத்தியானம் திரேசம்மாக்கா உங்களைப் பாயில் கண்டுவிட்டார். "நித்திரையிலயும் பாத்துக்கொண்டு கிடக்கிறாள்" என்ற கதை பொழுதுபட முன்னமே கரை முழுவதும் போயிற்று.

கரை இனி உங்களை விட்டுவிடும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அது விடவில்லை. முன்பு மூடிய கண்ணைப் படித்தவர்கள் இப்போது திறந்த கண்ணைப் படித்தார்கள். வெட்டிய பிறகும் கண் பார்க்கிறதென்றால் அது இன்னும் பலமான கண் என்றார்கள். நீங்கள் கேற்றடிக்கு வந்தாலே போதும், கண் திறந்திருக்கிறது, போகலாம். மழை மப்புக் கட்டிய நாளிலும் போனார்கள். ஒருநாள் முற்றம் கூட்டிய தும்புத்தடியைக் கையில் பிடித்தபடி குசினிக்குள் வந்து நின்றீர்கள்.

"மச்சாள், நான் இப்ப எல்லா நாளும் போங்கோ எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன்."

அன்று தொடங்கியதுதான் அந்த நாடகம். கைபேசியில் காலநிலை பார்க்கப் பழகினீர்கள். கடல் கூடாது என்ற நாளில் கேற்றடிக்குப் போய், கன்னத்தில் கை வைத்து, முகத்தைச் சுருக்கி, பழைய இழுப்பை நடித்தீர்கள். அவர்கள் திரும்பினார்கள். உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தீர்கள்; அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "வாயால சொன்னா நூறு கதை கேப்பினம். கண் சொன்னா கேள்வியே இல்லை" என்றீர்கள். எந்த நோயிலிருந்து விடுபட அவ்வளவு தூரம் போனீர்களோ, அதையே மற்றவர்களுக்காகத் திரும்ப அணிந்துகொண்டீர்கள். ஊசி புதிதாக இருக்கும் கிழமைகளில் மட்டும் உங்களால் இறுக்க முடியாது. அந்தக் கிழமைகளில் கடல் அமைதியாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டீர்கள்.

மாதா எல்லாக் கிழமைகளையும் தரவில்லை.

வாடைக் காலம். புது ஊசி நன்றாகப் பிடித்திருந்த நேரம். அன்று விடியக் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது, காகம்கூடக் கத்தவில்லை. மத்தியானத்துக்குள் காற்று உடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் கேற்றடிக்குப் போய்க் கன்னத்தில் கை வைத்தீர்கள். நெற்றி சுருங்கியது, கன்னம் மேலே ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. இமைகள் பாதி வந்து நின்றன. கீழே வெள்ளை தெரிந்தது. மறுபடியும் முயன்றீர்கள். இமைகள் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

சூசை அண்ணை குனிந்து பார்த்தார். "பளிங்கு மாதிரிக் கிடக்குது தங்கச்சி."

"போகாதேங்கோ அண்ணை. காத்து உடைக்குமாம். அறிவிச்சுக் கிடக்கு."

"உன்ர வாய் சொல்லுது. கண் சொல்லேல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். "மருந்து போட்டதால மூடேல்லை, நான் இவ்வளவு நாளும் நடிச்சனான்!" என்று பின்னால் கத்தினீர்கள். உண்மையைச் சொன்னீர்கள். அன்று முழுக் கரையிலும் நம்பப்படாத ஒரே வார்த்தை அதுதான்.

நாங்கள் கரைக்கு ஓடிப்போனபோது மற்ற வள்ளங்கள் புறப்பட்டுவிட்டன. அண்ணன் இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் வள்ளத்தில் ஏறி முன்பக்கம் இருந்துகொண்டீர்கள்.

"விசரோ உனக்கு? இறங்கு."

"இறங்கன். என்னை அவையளுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

அண்ணன் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கு விளங்கிற்று. எங்கள் கரையில் தொழில் வள்ளத்தில் பெண் ஏறுவதில்லை. ஏறினால் அன்றைய கடல் சரியில்லை. கண் சொல்லாவிட்டால் என்ன, அதைவிடப் பெரிய முழுவியளம், கெட்ட சகுனம் ஒன்றை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தீர்கள். நானும் வருகிறேன் என்றேன். "ஒரு பொம்பிளை போதும்" என்றீர்கள். வள்ளம் நகர்ந்தது. நீங்கள் பாடுவது சிறிது நேரம் கேட்டது.

அவர்கள் திரும்பினார்கள், மச்சாள். சூசை அண்ணை முதலாவதாக வந்தார். "வள்ளத்தில பொம்பிளையை ஏத்திக்கொண்டு வாறான், அறுந்துபோவான்" என்று திட்டிக்கொண்டே வள்ளத்தைக் கட்டினார். ஒவ்வொரு வள்ளமாக வந்தது. கடைசி வள்ளமும் மணலில் ஏறும்போது மேற்கே வானம் கறுத்தது. உங்கள் வள்ளம் கரைக்கு முன்னால் உள்ள கல்லடிப் பாறைகளுக்குக் கிட்ட வந்திருந்தது. ஆள் அடையாளம் தெரியும் தூரம். காற்று ஒரே அடியாக வந்தது. அதன்பின் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அண்ணனைக் கல்லில் இருந்து இழுத்தெடுத்தார்கள். பல நாளாக அவர் ஒரே ஒரு கதைதான் கதைத்தார்: "அவளின்ர கண்ணுக்கை உப்புத்தண்ணி அடிச்சுது. அவளுக்கு மூட ஏலேல்லை." உங்களை அடுத்தநாள் கரையோரக் கண்டல் பற்றைக்குள் கண்டார்கள்.

வீட்டில் கிடத்தியபோது உங்கள் கண்கள் திறந்திருந்தன. யாரோ கையால் மூடினார்கள். இமைகள் திரும்ப ஏறின. இன்னொருவர் மூடினார்; திரும்பவும் ஏறின. ஒப்புச் சொல்லி அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "கண் மூடாத பிணம் துணை தேடும்" என்று திரேசம்மாக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார். எல்லாரையும் விலகச் சொன்னேன். அலுமாரியைத் திறந்து களிம்பை எடுத்தேன். பூசினேன். மேல் இமையை மெல்ல இறக்கி, மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்குச் சரிவாக, ஒவ்வொரு நாளும் செய்தது போல ஒட்டினேன். கன்னத்தில் இன்னும் மணல் இருந்தது. சுருளில் ஒட்டியிருப்பது அந்த மணல்.

அண்ணன் இப்போது கடலுக்குப் போவதில்லை. வளவுக்குள் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். முற்றம் கூட்டுவது நான்.

இனி இன்று காலை. சில நாட்களாகவே சைக்கிள் மணி எங்கள் கேற்றடியில் மெதுவாகப் போவதைக் கவனித்தேன். கவனிக்காதவள் போலக் கூட்டினேன். இன்று மணி நின்றது. சூசை அண்ணை. அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

"என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. சும்மா. ஒருக்கா இஞ்சால பாருமன்."

பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலக்கண்ணைப் பார்த்தார். பழைய சிரிப்பு இல்லை. கோயிலில் நிற்பவர் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பின்னேரம் காத்து மாறுமெண்டு அறிவிச்சுக் கிடக்கு. இண்டைக்குப் போகாதேங்கோ" என்றேன். தலையாட்டினார். ஆனால் போகவில்லை. வாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, மற்றதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.

என் இமைகளில் யாரும் கத்தி வைக்கவில்லை. உங்களால் அன்று முடியாததை என்னால் செய்ய முடியும். தும்புத்தடியை வேலியில் சாத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்து, வலக்கண்ணை இறுக்கி மூடினேன். நீங்கள் செய்வது போலவே. சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும் ஓசை கேட்டது.

அவர்கள் போனபின் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். அது திறக்கவில்லை. உள்ளே இருந்து யாரோ பிடித்திருந்தார்கள். அப்படியே வீட்டுக்குள் வந்து, ஒற்றைக் கண்ணோடு துவாய் தேடியபோதுதான் உங்கள் சுருள் கையில் பட்டது. அதைப் பிடித்தபடி அலுமாரிக்கு முன்னால் நின்று, வேறு வழி தெரியாமல், உங்கள் ஒப்பாரியின் முதல் அடியை மெதுவாகப் பாடினேன்.

திறந்தது.